அல்லைடு பாடத்துக்கு ஒரு பக்கச் சான்று: மதுரைக் கல்லூரி முதல்வர்களுக்கும் தேர்வாணையர்களுக்கும் திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வர்களுக்கும், தேர்வாணையர்களுக்கும், கல்வியியல் கல்லூரி, தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் வணக்கம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கமிருந்து பி.எட். முடித்து வெளிமாநிலத்தில் ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களின் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் பார்த்துக் கொடுக்கிறவர்கள் நாங்கள். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா, நவோதயா, பழங்குடி மாணவர்களுக்கான ஏகலவ்யா உறைவிடப் பள்ளி, டெல்லி அரசுப் பள்ளி, இடுக்கியில் தமிழ்வழிப் பள்ளி, ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் தனியார் பள்ளி என்று போகிற வழிகள் பல. எழுத்துத் தேர்வில் தேறி, வரிசையிலும் பெயர் வந்த பிறகு, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் வேலை கைநழுவுவதுதான் வயிற்றெரிச்சல். அந்த மேசையில் கேட்கிற கேள்விக்கு விடை உங்கள் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது, பிள்ளையின் கையில் இல்லை. மடலை அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவது இதனால்தான்.

முதலில் அல்லைடு, அதாவது மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கிற துணைப்பாடம். கேந்திரிய வித்யாலயாவில் டி.ஜி.டி. எனப்படும் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான தகுதியைப் பாருங்கள். கணக்கு ஆசிரியர் என்றால் இளநிலையில் கணக்கோடு இயற்பியல், வேதியியல், எலெக்ட்ரானிக்ஸ், கணினி அறிவியல், புள்ளியியல் ஆகிய ஐந்தில் ஏதாவது இரண்டு படித்திருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியருக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல் மூன்றும் வேண்டும். சமூக அறிவியலுக்கு வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் ஆகிய நான்கில் இரண்டு. அதில் ஒன்று வரலாறாகவோ புவியியலாகவோ இருந்தே ஆக வேண்டும். ஆங்கில ஆசிரியர் மூன்றாண்டும் ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். உரிய பாடங்களிலும் 50 விழுக்காடு, மொத்தத்திலும் 50 விழுக்காடு.

இந்த விதி மூன்று பாடத்தைச் சம எடையோடு படிக்கிற வடக்கத்திப் பட்டத்தை மனதில் வைத்து எழுதியது. அங்கே பி.சி.எம். (இயற்பியல், வேதியியல், கணக்கு), இசட்.பி.சி. (விலங்கியல், தாவரவியல், வேதியியல்) என்று பட்டத்தின் பேரைச் சொன்னாலே என்னென்ன பாடம் என்று தெரிந்துவிடும். நம் பக்கம் ஒரு மேஜர், இரண்டு அல்லைடு. பி.எஸ்சி. கணக்கு படித்தவர் முதலாண்டில் அல்லைடு இயற்பியல், இரண்டாமாண்டில் அல்லைடு புள்ளியியல் படித்திருப்பார். நமக்கு இது தெரியும். ராய்ப்பூரிலோ போபாலிலோ மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் கையில் இருப்பது மதிப்பெண் பட்டியல் மட்டும். அதில் 'ஆப்டிக்ஸ் அண்டு ஸ்பெக்ட்ராஸ்கோபி', 'மெக்கானிக்ஸ் அண்டு ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் மேட்டர்' என்று தாள்களின் தலைப்பும், பக்கத்தில் ஒரு குறியீடும் இருக்கும். 'பிசிக்ஸ்' என்கிற சொல் ஆறு செமஸ்டர் பட்டியலிலும் ஓரிடத்தில்கூட இருக்காது. அவர் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தேடிப் பார்த்துவிட்டு, 'உரிய பாடங்கள் இல்லை' என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. ஒருவருக்குச் சில நிமிடம்தான் கிடைக்கிறது, வரிசை வராண்டாவைத் தாண்டி நிற்கிறது.

இதைத் தீர்க்க ஒரே ஒரு பக்கம் போதும். கல்லூரி முகப்புத்தாளில், ஆங்கிலத்தில், பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி பெயர், பதிவெண், பட்டம், சேர்ந்த ஆண்டு, முடித்த ஆண்டு. கீழே ஒரு கட்டம்: பாடத்தின் பொதுப்பெயர் (இயற்பியல் என்று பச்சையாக), மேஜரா அல்லைடா, எந்தெந்த செமஸ்டர், அதில் அடங்கும் தாள்களின் குறியீடும் தலைப்பும், செய்முறை உட்பட அதிகபட்ச மதிப்பெண், பெற்ற மதிப்பெண், விழுக்காடு. அதற்குக் கீழே எல்லாப் பகுதிகளையும் சேர்த்த மொத்த விழுக்காடு, பயிற்று மொழி. முதல்வரோ தேர்வாணையரோ கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, கடித எண்ணும் தேதியும் போட வேண்டும். துறைத்தலைவர் கையெழுத்து போதாது; அதை ஏற்க மாட்டார்கள். பட்டம் கொடுக்கிற அன்றைக்கே இதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், நேர்காணல் கடிதம் வந்த பிறகு பிள்ளைகள் பஸ் ஏறி வந்து உங்கள் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறோம். அறிவிப்பில் 'எல்லா ஆண்டுகளிலும் படித்திருக்க வேண்டும்' என்று இருந்தால், ஓராண்டு அல்லைடை எந்தச் சான்றும் மூன்றாண்டாக்கிவிடாது. ஆக்கித் தரும்படி நாங்கள் கேட்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தால் போதும். தகுதி இருக்கிறவருக்கு வேலை கிடைக்கும். இல்லாதவர் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்.

இதோடு பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலங்கியலுக்கு அல்லைடாகத் தாவரவியலும் வேதியியலும் இருந்த இடத்தில், வேதியியலை எடுத்துவிட்டுக் கவர்ச்சியான பெயர் கொண்ட வேறொன்றை வைத்தால், அந்தத் தொகுதி மாணவர் ஒருவர்கூட மத்திய அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக முடியாது. பி.ஏ. வரலாற்றுக்குச் சுற்றுலாவும் இதழியலும் அல்லைடு என்றால் சமூக அறிவியல் ஆசிரியர் வாய்ப்பும் அதேபோல் அடைபட்டுவிடும். புதுப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விருப்பப் பாடத்தில் வையுங்கள், அல்லைடில் கை வைக்காதீர்கள். கை வைத்தே ஆக வேண்டுமென்றால், சேர்க்கையின்போது பெற்றோரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விழுக்காட்டுக் கணக்கு. தகுதி உள்ளவரும் இதில் மாட்டுகிறார், இல்லாதவரும் மாட்டுகிறார். நம் பட்டியலில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜரும் அல்லைடும், அதற்குமேல் பகுதி 4, பகுதி 5. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று நாம் சொல்வது பகுதி 3-ஐ வைத்து. மத்திய அரசு நிறுவனங்கள் கேட்பது மொத்தத்தை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பகுதி 3-இல் 24 தாளில் 2,400-க்கு 1,260. அதாவது 52.5 விழுக்காடு, பிள்ளை நிம்மதியாக விண்ணப்பிக்கும். பகுதி 1-இல் 400-க்கு 160, பகுதி 2-இல் 400-க்கு 164. தேர்ச்சிதான், அரியர் கிடையாது. மூன்றையும் கூட்டினால் 3,200-க்கு 1,584. விழுக்காடு 49.5. முடிந்தது. தமிழ்த் தாளில் கூடுதலாகப் பதினாறு மதிப்பெண் வாங்கியிருந்தால் தப்பியிருப்பார். 'பகுதி 1 மார்க்கெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்' என்று வகுப்பில் சொல்கிற பேராசிரியர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும்.

நல்ல மதிப்பெண் உள்ளவருக்கு வேறு சிக்கல். பகுதி 3 கணக்குப்படி 73 என்று விண்ணப்பத்தில் ஏற்றியிருப்பார். சரிபார்ப்பில் மொத்தத்தைக் கூட்டி 67.69 என்பார்கள். இரண்டும் 50-க்கு மேல்தான், ஆனாலும் 'விண்ணப்பத்தில் தவறான தகவல்' என்று ஒரு குறிப்பு விழுந்துவிடும். கிரேடு முறையில் படித்தவர்கள் சி.ஜி.பி.ஏ. எனப்படும் கிரேடுப் புள்ளிச் சராசரியை 9.5-ஆல் பெருக்கிப் போடுகிறார்கள். அது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஒரு காலத்தில் வைத்திருந்த பெருக்கல், பல்கலைக்கழகத்துக்குச் செல்லாது. உங்கள் பல்கலைக்கழகத்தின் மாற்று வாய்பாட்டை அந்த ஒரு பக்கச் சான்றின் அடியில் அச்சடித்துவிடுங்கள். கேட்டால்தான் தருவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்று வைக்காதீர்கள்.

பெயரும் இனிஷியலும் அடுத்த தலைவலி. வடக்கே போனால் படிவம் 'முதல் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயர்' என்று மூன்று பெட்டி வைத்திருக்கும். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் அப்பாவின் முதலெழுத்தும். உதாரணத்துக்கு முத்துலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றில் 'முத்துலட்சுமி எஸ்'. ஆதாரில் 'எஸ். முத்துலட்சுமி'. பான் அட்டையில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள் என்பதால் 'முத்துலட்சுமி செல்வராஜ்'. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வங்கிக் கணக்கில் கணவர் இனிஷியல். பட்டச் சான்றிதழில் உங்கள் அலுவலகத் தட்டச்சர் 'லட்சுமி'யின் நடுவே 'கே.எஸ்.எச்.' போட வேண்டிய இடத்தில் 'எக்ஸ்' போட்டிருப்பார். நமக்கு எல்லாம் ஒரே ஆள். அங்கே ஐந்து ஆள்.

எது மூலம் என்பதில் குழப்பமே வேண்டாம்: பத்தாம் வகுப்புச் சான்றில் இருக்கிற பெயர், அதே எழுத்து, அதே இடைவெளி. மற்ற எல்லாவற்றையும் அதை நோக்கித் திருத்த வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். சும்மா போய் ஒன்றை வீணாக்கக் கூடாது. இனிஷியல் முன்பின் இருப்பது போன்ற சின்ன வேறுபாட்டுக்கு 'இருவரும் ஒருவரே' என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கும் சான்றோ நோட்டரி உறுதிமொழியோ பெரும்பாலும் போதும். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். கல்லூரியின் பங்கு சேர்க்கை நாளில்தான்: பத்தாம் வகுப்புச் சான்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையிடம் ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நிமிட வேலை. பட்டம் அச்சான பிறகு அதே எழுத்தைத் திருத்த மாதக் கணக்காகிறது.

கல்வியியல் கல்லூரிகளுக்குத் தனியாகச் சில. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல் தொடங்கிய பிறகு பி.எட். பட்டம் சென்னையிலிருந்து வருகிறது. இளநிலைப் பட்டம் ஒரு பல்கலைக்கழகம், பி.எட். இன்னொன்று, முதுநிலை தொலைநிலையில் மூன்றாவது என்று ஒருவருக்கே மூன்று இடம் இருக்கும். எந்தத் தாளுக்கு எங்கே போவது என்று ஒரு அட்டவணை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் பாதி அலைச்சல் குறையும். அதில் இதையும் எழுதுங்கள்: மைக்ரேஷன் சான்று மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகம் போகிறவருக்குத்தான் வேண்டும், வேலையில் சேர அதைக் கேட்பது அரிது. அதற்காக நாள் கணக்கில் வரிசையில் நின்றுவிட்டு, நிஜமாகத் தேவைப்படும், என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) கல்லூரிக்குக் கொடுத்த அங்கீகார ஆணையின் நகலை மறந்துவிட்டுப் போகிறார்கள். அந்த நகல் உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள்.

தேர்வு விஷயத்திலும் நம் பிள்ளைகள் தமிழ்நாட்டு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிவிட்டு அது எல்லா இடத்துக்கும் செல்லும் என்று நினைக்கிறார்கள். கேந்திரிய வித்யாலயா, நவோதயாவில் டி.ஜி.டி.க்கு சி.பி.எஸ்.இ. நடத்தும் சி-டெட் என்கிற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு வேண்டும். 6 முதல் 8 வகுப்புக்கு உரிய இரண்டாம் தாளில் 150-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும். மொழிப் பகுதிக்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. முதுநிலை ஆசிரியரான பி.ஜி.டி.க்கு சி-டெட் தேவையில்லை. பி.எட். மட்டும் முடித்தவர் இனி 1 முதல் 5 வகுப்பு ஆசிரியர் பணிக்குப் பணம் கட்ட வேண்டாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது, அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம்தான் வேண்டும். இன்னமும் சில கோச்சிங் மையங்கள் பி.எட். பிள்ளைகளைச் சி-டெட் முதல் தாளுக்குச் சேர்த்துக் கட்டணம் வாங்குகின்றன. இது அந்த மையங்களுக்குத் தெரியாததல்ல.

எந்த மாநிலத்துக்குப் போகலாம் என்று கேட்கிறவர்களுக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிற மாநில அரசுப் பணிகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரருக்கே. அல்லது அந்த மாநில மொழி தெரிய வேண்டும். விதியும் நின்று நிலைக்காது. 2023-இல் பீகார் ஆசிரியர் தேர்வை வெளிமாநிலத்தவருக்குத் திறந்துவிட்டது, 2025-இல் சொந்த மாநிலத்தவருக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. நம் எஸ்.சி., எஸ்.டி. சான்று மத்திய அரசு வேலைக்கு எங்கும் செல்லும். வேறொரு மாநில அரசின் வேலையில் பொதுவாக இடஒதுக்கீடு தராது. தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் பீர்மேடு பக்கமும், போடிமெட்டு ஏறினால் தேவிகுளம் பக்கமும் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையமான பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுப்பார்கள், அந்த மாநிலத் தகுதித் தேர்வான கே-டெட் வேண்டும். நம் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றும் கேட்பார்கள். மேலே கேட்ட ஒரு பக்கம் அங்கேயும் உதவும். டெல்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் 7 பள்ளிகள் இருக்கின்றன. நவோதயா என்றால் வெளியூர் உறுதி, ஏனென்றால் தமிழ்நாட்டில் ஒரு நவோதயா பள்ளிகூட இல்லை. நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் கேந்திரிய வித்யாலயா இருக்கிறதே, அங்கேயே போட்டுவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு யாரும் விண்ணப்பிக்க வேண்டாம். முதல் பணியிடம் நாட்டின் எந்த மூலையிலும் இருக்கலாம்.

சாதிச் சான்று வட்டாட்சியர் அலுவலக வேலைதான், ஆனாலும் நினைவூட்டுவது கல்லூரியால் முடியும். நம் பி.சி., எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) சான்று மத்திய அரசு வேலைக்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரவில்லை என்று எழுதிய ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் சீர்மரபினர் சான்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய் ஏமாந்தவர்கள் உண்டு. சாதியின் பெயர் மத்தியப் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதே கூட்டலில் இருக்க வேண்டும். கிரீமி லேயருக்கான 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பைப் பார்க்கும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் கணக்கில் வராது, விண்ணப்பிக்கிறவரின் சொந்த வருமானமும் வராது. கவுண்டரில் எல்லாவற்றையும் கூட்டி 'வராதுங்க' என்று திருப்பி அனுப்பினால் அங்கேயே வாதாட வேண்டாம், படிவத்தில் உள்ள விளக்கத்தை அச்செடுத்துப் பணிவாக நீட்டலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் மூன்று, நான்கு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டியிருக்கும். ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் போட்டுவைப்பது நல்லது.

இனி தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு. வேலைக்குச் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்கிற வழக்கம் இந்த வட்டாரத்தில் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. ஆள் நடுவில் போய்விட்டால் மாணவர்கள் தவிப்பார்கள் என்கிற உங்கள் கவலை நியாயமானது. அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னறிவிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். அசல் என்பது அடகுப் பொருள் இல்லை. மத்திய அரசுப் பணிக்கான சரிபார்ப்பு நாளில் அசல் இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். விடுவிப்புக் கடிதத்தில் கடைசி வேலை நாள் தெளிவாக இருக்கட்டும், அந்தத் தேதி புது இடத்தில் சேரும் தேதிக்கு முந்தியதாகவும் இருக்கட்டும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியையும் ஏற்றிவிடுங்கள். நீங்கள் ஏற்றாவிட்டால் கடைசிச் சந்தா கட்டிய இரண்டு மாதத்துக்குப் பிறகு அவரே ஏற்றிக்கொள்ளலாம். அதையாவது சொல்லி அனுப்புங்கள்.

பணி ஆணை வந்த பிறகு செய்ய வேண்டியவற்றைக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியது என்ன என்று எங்கள் அனுபவத்தில் தேறியது இவ்வளவு. உடல்தகுதிச் சான்றுப் படிவத்தில் 'சீஃப் மெடிக்கல் ஆஃபீசர்' அல்லது 'சிவில் சர்ஜன்' என்று இருக்கும். தெருமுனை கிளினிக்கில் வாங்கியது செல்லாது; அரசு மருத்துவமனையில் கையொப்பத்தின் கீழ் பதவி முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். நடத்தைச் சரிபார்ப்புப் படிவத்தில் கடந்த ஐந்தாண்டில் ஓராண்டுக்கு மேல் தங்கிய முகவரிகளைக் கேட்பார்கள். படித்தபோது இருந்த ஹாஸ்டலும் அதில் சேரும். ஹாஸ்டலை விட்டுவிட்டு ஊர் முகவரியை மட்டும் போடுவதுதான் வழக்கமான தவறு.

சேர்ந்த ஆறு மாதத்துக்குள் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். ஊருக்கு வந்துபோகும் விடுப்புப் பயணச் சலுகை அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். பிறகு மாற்ற ஒரே ஒரு வாய்ப்புதான். அசட்டையாகப் பணியிடத்தின் பெயரைப் போட்டுவிடக் கூடாது.

சம்பளம் பற்றியும் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். டி.ஜி.டி.க்கு அடிப்படை ஊதியம் 44,900, பி.ஜி.டி.க்கு 47,600. அதன்மேல் அகவிலைப்படி. நவோதயாவிலும் ஏகலவ்யாவிலும் வளாகக் குடியிருப்பு கொடுத்தால் வீட்டு வாடகைப்படி கிடையாது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து விழுக்காடு பிடிப்பார்கள். உறைவிடப் பள்ளி என்றால் பாடம் நடத்துவதோடு முடியாது: காலை உடற்பயிற்சி, மாலைப் படிப்பு நேரம், சாப்பாட்டுக்கூட மேற்பார்வை, ஒரு விடுதிப் பிரிவின் பொறுப்பு. இதைத் தெரியாமல் போகிறவர்தான் மூன்றாம் மாதம் பெட்டியைக் கட்டுகிறார். வெளிமாநிலத் தனியார் பள்ளி என்றால் சொல்லும் ஆண்டுத் தொகையை நம்பாமல், மாதம் கைக்கு வருவது எவ்வளவு, ஏப்ரல், மே மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, விடுதிப் பணி சேர்த்தியா என்று எழுத்தில் கேட்க வேண்டும். தேதி போடாத செக் கேட்டால் கொடுக்கக் கூடாது.

கேந்திரிய வித்யாலயா இந்தியிலும் ஆங்கிலத்திலும் கற்பிக்கும் திறனைக் கேட்கிறது. இந்தி பிரசார சபாவின் பிரவீன் தேர்வு வரை பாஸ் செய்தவர்களும் வகுப்பில் வாயடைத்து நிற்கிறார்கள், ஏனென்றால் தேர்வு எழுதுவது வேறு, இருபத்தைந்து பிள்ளைகளை உட்கார வைப்பது வேறு. முதலில் வேண்டியது எண்கள். இந்தியில் ஒன்று முதல் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொன்றும் தனிச்சொல். உனாசி என்றால் 79, நவாசி என்றால் 89. மதிப்பெண்ணை வாயால் சொல்லி ஏற்றும்போது இது இரண்டும் மாறினால் பெற்றோர் வாசலில் வந்து நிற்பார்கள். எண்களும், வகுப்பறையில் அன்றாடம் வருகிற இருநூறு வாக்கியமும் கைவசம் இருந்தால் முதல் பருவம் ஓடிவிடும்.

பயணம் சிறு விஷயம். மதுரையிலிருந்து டெல்லி நிஜாமுதீனுக்கு சம்பர்க் கிராந்தி, சண்டிகருக்கு ஒரு நேர் வண்டி, பிகானேருக்கு அனுவ்ரத். ஹவுராவுக்குக் கன்னியாகுமரி வண்டி மதுரை வழியாகப் போகிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஓடும். முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கும், சேரச் சொல்லும் அவகாசமோ அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். தட்காலை நம்பித்தான் கிளம்ப வேண்டியிருக்கும். ஸ்லீப்பரில் 40 கிலோ இலவசம், மேற்பட்டதை மதுரை ஜங்ஷன் பார்சல் அலுவலகத்தில் போடலாம். அசல் சான்றிதழ்களைப் பார்சலில் போடாமல் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பளியும் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையும் போகிற இடத்தில் மலிவு, இங்கிருந்து தூக்க வேண்டாம். புழுங்கலரிசி கிடைக்காது என்று மூட்டை கட்டுகிறவர்களுக்கு: ஜார்க்கண்ட், பீகார்ப் பக்கம் 'உஸ்னா' என்று கேளுங்கள், உத்தரப்பிரதேசத்தில் 'சேலா' என்று கேளுங்கள்.

கடைசியாக உங்கள் உள்வரும் தபால் பிரிவு. பிள்ளை வேலையில் சேர்ந்த பிறகு, 'இந்த மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதானா' என்று கேட்டு அந்த நிறுவனம் உங்களுக்கு எழுதும். பதில் போகாவிட்டால் இரண்டாண்டு தகுதிகாண் பருவம் முடிந்தும் பணி உறுதி ஆணை வராது. அங்கிருந்து அந்தப் பிள்ளை போன் செய்யும். எழுத்தர் 'தபால் வரலையே' என்பார். தபால் மேசையில்தான் இருக்கும். இதற்கென ஒரு மின்னஞ்சல் முகவரி, பொறுப்பாக ஒரு எழுத்தர், பதினைந்து நாள் கெடு, அனுப்பிய பதிலின் நகல் அந்தப் பழைய மாணவருக்கும்: இவ்வளவுதான் கேட்கிறோம். ஒரு பக்கச் சான்றின் மாதிரிப் படிவத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். எந்தக் கல்லூரி அலுவலகம் கேட்டாலும் நேரில் கொண்டுவந்து கொடுத்து, முதல் பத்துச் சான்றை உங்கள் எழுத்தரோடு உட்கார்ந்து நிரப்பியும் தருகிறோம்.

இப்படிக்கு,
வெளிமாநிலப் பணிக்குப் போகிறவர்களின் சான்றிதழ்களைப் பார்த்துக் கொடுக்கும் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.